படலையில் நின்ற வண்டி

தங்கை கால் முறிந்து வீட்டில் இருந்த மாதங்களில், அவளோடு வேலைசெய்யும் ஒருத்தி, பொழுதுபோகட்டும் என்று எங்கள் கணினியில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். நடைப்பிணங்கள் நிறைந்த நாட்டின் ஊடாக ஒரு பழைய வாகனத்தை ஓட்டி உயிர்தப்ப வேண்டும். உட்துறைமுகத்தைப் பார்த்த சன்னலருகே அவள் பிற்பகல்களில் ஓட்டுவாள்; பின்னால் கதிரை போட்டு அமர்ந்து நானும் பார்த்திருப்பேன்.

அவ்வுலகின் மரபுகள் விரைவிலேயே விளங்கின. எரிபொருள் ஓயாது குறையும். ஓசை எழுந்த இடத்துக்குப் பிணங்கள் திரளும். கைவிடப்பட்ட வீடுகளுள் நுழைந்து அகப்பட்டதை எடுத்தால்தான் அடுத்த ஊரை அடையலாம். கதையை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. பாதி உண்ட சோற்றுக் கோப்பை, சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி, கவிழ்ந்த தொட்டில் ஆகியவற்றைக் கொண்டு நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதே இல்லை. இருந்தால் விளையாட்டு நடவாது.

தங்கையோ ஒவ்வொரு வீட்டின் முன்னும் வண்டியை நிறுத்தி ஒலிப்பானை அழுத்தினாள். வாசற் படலையில் நின்று கூப்பிடாமல் உள்ளே போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஓசைக்குப் பிணங்கள் வந்தன. ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் ஊரிலேயே மாண்டாள்.

"ஹோர்ன் அடியாதை பிள்ளை. உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை," என்றேன்.

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

விளையாட்டை அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சது காணாதெண்டு இஞ்சையும் பிரம்போடை வந்திட்டீங்கள்," என்று சிரித்துவிட்டு, மறுபடியும் அழுத்தினாள்.

போர்க்காலத்தில் எங்கள் சம்பூரை விட்டு ஊரே ஓடிய நாளில், மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று வீட்டில் நின்ற அப்பா வரவேயில்லை. கிளிவெட்டி அகதி முகாமில், ஆட்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் ஒவ்வொன்றையும் மறித்துப் பார்த்தவள் தங்கைதான். அரசு பிடித்துவைத்திருந்த காணி திரும்பக் கிடைத்தபின் வீதியில் நின்று பார்த்தேன். கூரையற்ற சுவர்கள் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றை இடித்துப் புதுவீடு கட்ட விரும்பினேன். அப்பா வந்தால் எந்த வீட்டுக்கு வருவார் என்று கேட்டு அவள் மறுத்துவந்தாள். அவள் சம்மதமின்றி ஒரு கல்லைத் தொடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் ஒலிப்பான் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, நேரே உள்ளே போனாள். அறை அறையாகப் பார்த்தாள். குசினியில் அடுப்பு மூலையிலிருந்த எரிபொருட் கலனை எடுத்தாள். பிணமொன்றும் வரவில்லை. முதன்முறையாக அந்த ஊரைக் கடந்தாள். பிறகு கணினியை அணைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமலே சொன்னாள்:

"அண்ணா, மேசனுக்குச் சொல்லுங்கோ. இடிக்கட்டும்."

மறுநாட் காலை வீடு கட்டும் மேசனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆள்களோடு வர இசைந்தார். கல்லை எங்கே கொட்டுவது, மரங்களை என்ன செய்வது என்றெல்லாம் பேசினோம். இறுதியில், இடிக்கப்போகும் எவரும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லைத்தானே, சேர்?"

போய்ப் பார்த்துவிட்டு அழைக்கிறேன் என்றேன். அது சித்திரைக்கு முன்னர்; இப்போது மாரி தொடங்கிவிட்டது. நான் இன்னும் போகவில்லை.