பழைய மெஷின் போனால்தான் புது மெஷின்

அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள், போட்டுப் பார்க்கும்போது வெளியே விடுவார்கள், பிறகு இறுக்கிப் பிடிக்கிறது என்று தையல்காரனைத் திட்டுவார்கள். நம் தொழிலில் இதைப் படாதவர் யாரும் இல்லை. ஆனால் தையல் மெஷினை விற்கப் போனால் படுவது வேறு.

வேலந்தாவளம் சந்தை ரோட்டில் என் கடை. பெல்பாட்டம் வந்த புதிது. அந்தத் தடித்த துணி நாலு மடிப்பாகச் சேரும் இடத்தில் என் பழைய கால் மெஷினின் ஊசி உடையும். இளவட்டங்கள் துணியோடு பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினார்கள். நானும் பொள்ளாச்சிக்குப் போய்ப் புது மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். தீபாவளி வேலை தொடங்குமுன் மீதியைக் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் கடைக்காரர். பழையதை விற்றால்தான் அந்த மீதி. சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் அதில் ஒரு குறையும் கிடையாது. அதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால், ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும் என்று நினைத்து, அப்படியே செய்தேன்.

முதல் போணி

மாரக்கா எதிர்வீட்டுக்காரர். அவர் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் நான்தான் ஜாக்கெட் தைத்தேன். ஒன்றுகூடத் தையல் பிரிந்து திரும்பி வந்ததில்லை. இந்தக் கணக்கில் நான் தவற மாட்டேன். அட்டையைப் பார்த்தவர், கடையில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டார்:

"ஏனுங்க டெய்லரே, இந்த லொடலொட்டையக் காசு குடுத்து எவனுங்க வாங்குவான்? இதுல தெச்சது ஒரு துவைப்புக்குத் தாங்கறதில்லீங்களே!"

ஓட்டிப் பார்த்தவர்கள்

ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம் என்றார்கள் ஒரு தோட்டத்துத் தம்பதி. நியாயம். அந்த அம்மாள் மெஷினில் உட்கார்ந்தார். அவர் கணவர் பையை அவிழ்த்தார். கிழிந்த தலையணை உறை, பாவாடை, அவருடைய பனியன், ஒரு திரைச்சீலை என்று ஒவ்வொன்றாக வந்தன. நூல் என்னுடையது. இரண்டு பாபின் காலி. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலிக்கு வந்த துணிகளை மடியில் வைத்துக்கொண்டு என் கடையிலேயே மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் அழகாக மடித்துப் பையில் வைத்தபின் அந்த அம்மாள் சொன்னார்:

"மெசினு நல்லாத்தானுங்க ஓடுது. ஆனா இனி எங்களுக்குத் தெக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே!"

சந்தை நாள்

மாட்டுச் சந்தையன்று ஒரு தரகர் வந்தார். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார். இருவருமாக மெஷினைத் தெருவுக்குத் தூக்கினோம். சுற்றி வந்தார். முதுகில் தட்டினார். ஊசித் தகட்டுக்குக் கீழே பல்லைக் குனிந்து பார்த்தார். திடீரென்று தோள் துண்டை என் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான். எனக்கு அந்த விரல் பாஷை தெரியாது. கூச்சத்தில் கையை இழுத்தேன்; அதையும் ஒரு விலையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். கூட்டம் கூடிவிட்டது. வாயால் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் கோபம். உள்ளே தூக்கி வைக்க ஒரு கை கொடுங்கள் என்று கேட்டதற்கு, துண்டை உதறிக்கொண்டே சொன்னார்:

"மாடா இருந்தா நாலடி நடக்கவுட்டுப் பாத்துருவனுங்க. இது நின்ன எடத்துலயே ஓடுது. இதைய எப்படீங்க நம்பறது?"

குறை சொல்லாதவள்

பொள்ளாச்சியிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்துவிட்டது. அப்போதுதான் தங்கமணி வந்தாள். பக்கத்துத் தெருவுக்கு வாழ வந்த பெண். பிறந்த ஊரில் தையல் படித்தவள். கூடவே கணவர். கையில் ஒரு துண்டுத் துணி, நூலும் அவளுடையது. ஒரே ஒரு தையல் ஓட்டினாள், திருப்பிப் பார்த்தாள், நகத்தால் இழுத்துப் பார்த்தாள். கேட்ட விலையை எடுத்து வைத்தார்கள்.

என் மனம் குளிர்ந்துவிட்டது. பாபின் பெட்டியையும் எண்ணெய்க் குப்பியையும் இனாமாகக் கொடுத்தேன். சக்கரத்தைக் கையால் தன் பக்கமாக ஒரு சுற்று விட்டுக்கொண்டு மிதித்தால் அதில் நூல் சிக்காது என்ற ரகசியத்தையும் சொன்னேன். எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்க நாக்கு வரை வந்தது. புதுப் பெண்ணிடம் என்ன கேள்வி என்று விழுங்கிவிட்டேன். அவளாகச் சொன்னாள்:

"சந்தேகம் வந்தா ஓடியாந்து கேட்டுக்கறனுங்ணா. பக்கத்துலதானுங்களே!"

எதிர்வரிசை

புது மெஷின் வந்தது. பெல்பாட்டத்தை ஊசி உடையாமல் தைத்தது. இளவட்டங்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தத் தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட் துணிகூட என் கடைப் படி ஏறவில்லை. எதிரிலிருந்து எனக்குப் பழக்கமான சத்தம் கேட்டது. மாரக்கா தம் வீட்டு முன்னறையைத் தங்கமணிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எங்கள் ரோட்டுப் பெண்களெல்லாம் அங்கே துணியோடு நின்றார்கள்.

பொறுக்க முடியவில்லை. கூச்சத்தை விட்டு ரோட்டைக் கடந்து போய்க் கேட்டேன்: "ஏனுங்க்கா, அதுல தெச்சா ஒரு துவைப்புக்குத் தாங்காதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

புது ஜாக்கெட்டின் கையைத் தடவிக்கொண்டே மாரக்கா சொன்னார்:

"மெசினு என்னங்க பண்ணுச்சு? ஓட்டற ஆளு ஒழுங்கா ஓட்டோணுமுங்க!"

மெஷினோடு எண்ணெய்க் குப்பியையும் பாபின் பெட்டியையும்தான் இனாமாகக் கொடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த ரோட்டு ஜாக்கெட் அத்தனையையும் சேர்த்தே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.