தவறான கட்டத்தில் போட்ட டிக்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் மகள் ஒருநாள் ஸ்கூல் பஸ்ஸிலேயே தூங்கிப்போக, டிரைவர் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான், அழுதுகொண்டிருந்தவளை மீட்டோம்.

சில மாதங்களில், டிரைவர் ஒவ்வொரு சீட்டையும் பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்ற மசோதா, எங்கள் மாநிலத் தலைநகரான ட்ரென்டனில் சட்டசபைக் கமிட்டி முன் வருவதாகப் படித்தேன். பொதுமக்களும் பேசலாமாம்.

"நமக்கு க்ரீன் கார்டே வரல. ஓட்டு இல்லாதவங்க பேச்சை யாரு கேப்பா?" என்றார் கணவர். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா, பேச விருப்பமா இல்லையா என்று கேட்டு வாசலில் தந்த படிவத்தில், பதற்றத்தில் தவறான கட்டங்களில் டிக் அடித்துவிட்டேன். கமிட்டித் தலைவர் என் பெயரைச் சொல்லி, "மசோதாவை எதிர்க்கிறார், பேச விரும்பவில்லை" என்று வாசித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சட்டென்று எழுந்து, "தப்பா டிக் பண்ணிட்டேன் சார். என் பொண்ணே இப்படி ஸ்கூல் பஸ்ல மாட்டிக்கிட்டா. நான் பேசணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நிமிடம் தந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"எதிர்த்து ஓட்டுப் போட வந்தேன். மனதை மாற்றிக்கொண்டேன்" என்றார் ஓர் உறுப்பினர். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா கமிட்டியைத் தாண்டியது. அன்று தலைநிமிர்ந்து கார் ஓட்டி வந்தேன்.

இப்போது பிடித்த மசோதா எதுவானாலும், அது கமிட்டியில் இருக்கும்போதே கமிட்டி அலுவலகத்துக்கு போன் செய்து கூட்டத் தேதி கேட்டுக்கொள்கிறேன். படிவத்தை இருமுறை படித்த பிறகே பேனாவை எடுக்கிறேன்.