சிரிப்பு மன்றத்தின் இழவுக் குரல்

ஓசூரில் திம்மப்பனின் குரல் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். அவர் பாடகர் என்பதால் அல்ல. மைக் செட் கட்டிய ஆட்டோவில் உட்கார்ந்து ஊருக்குச் சாவு அறிவிப்பவர் அவர். இறந்தவரின் சொந்தம் எந்தத் தெருவில், எந்தப் பாஷையில் இருக்கிறதோ என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டு போவார். கரண்ட் நிறுத்தம், காணாமல் போன எருமை, அம்மைத் தடுப்பூசி என்று மற்ற அறிவிப்புகளும் அவருடையவைதான். ஆனால் எதைச் சொன்னாலும் அந்தக் குரலில் ஒரு பாடை தெரியும். தடுப்பூசி போட வாருங்கள் என்று அவர் அழைத்தால் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள்.

இதில் அதிகம் பெருமைப்பட்டவர் அவருடைய அம்மா மாரம்மா. மகன் அறிவித்த ஒரு சாவையும் அவர் விட்டதில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. போய் ஓரமாக உட்கார்ந்து, வந்த கூட்டத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு வருவார். கூட்டம் குறைந்தால் செத்தவரின் குணம் சரியில்லை. நிறைந்தால் அது மகனுடைய திறமை.

"எனக்கும் நீயேதாண்டா மைக்குல சொல்லணும். மூணு பாஷையிலயும் சொல்லணும். ஊரே வந்து நிக்கணும்" என்று அவ்வப்போது ஞாபகப்படுத்துவார். திம்மப்பனும் ஆகட்டும் என்பார்.

எண்பத்தாறாம் வருஷம் தங்கதுரை சிரிப்பு மன்றம் ஆரம்பித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை சூப்பர்வைசராக இருந்தவர். ஷிப்டு முடிந்து அறைக்குப் போய்ச் சுவரைப் பார்க்கும் தொழிலாளர்களுக்குச் சிரிப்பு தேவை என்று யாரும் கேட்காமலே முடிவுசெய்தார். மூடிக் கிடந்த அரிசி மில்லின் கோடவுனில் மாதத்தின் முதல் சனிக்கிழமை நிகழ்ச்சி. பேக்கிங் செக்ஷனில் வேலை செய்த ஜோதிமணி என்ற பெண், வாடகைக்கு வீடு விடும் அம்மாக்களைப் போலப் பேசிக் காட்டுவாள். அதற்கு நல்ல கைதட்டல். பிறகு தலைவர் தங்கதுரை வந்து, தானே எழுதிய ஜோக்குகளைப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் பின் சற்று காத்திருந்து, ஒருவரும் சிரிக்காததால், "அதாவது..." என்று ஆரம்பித்து விளக்குவார். பழுதான உருப்படிகளைப் பார்த்தவுடன் ஒதுக்கித் தள்ளுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

கோடவுனில் பாதி காலியாகக் கிடக்கவே, விளம்பரத்துக்குத் திம்மப்பனைப் பிடித்தார்கள். எழுதிக் கொடுத்ததை அவர் சுத்தமாகத்தான் வாசித்தார். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கிழவி முழுதாகக் கேட்காமலே ஒப்பாரியை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை கோடவுனுக்குப் புதிதாக வந்தவர் ஒரே ஒருவர். அவரும் கையில் ரோஜா மாலையோடு வந்து, விஷயம் புரிந்ததும், வாங்கியதை வீணாக்க மனமில்லாமல் தலைவருக்கே போட்டுவிட்டுப் போனார்.

"இழவு சொல்லுத மாதிரில்லா சொல்லுதீரு. கொஞ்சம் சிரிச்சிக்கிட்டே சொல்லும்வே" என்றார் தங்கதுரை. திம்மப்பன் சிரித்துப் பார்த்தார். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார்.

அப்போதுதான் ஜோதிமணி அந்த யோசனையைச் சொன்னாள். அவருக்குச் சாவுதான் சொல்ல வருமென்றால், சாவாகவே சொல்லட்டுமே. எல்லாரும் கைதட்ட, திம்மப்பன் மட்டும் மறுத்துத் தலையசைத்தார்.

"வேணாங்க சார். எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். நாஞ் சொன்னா ஊரு நம்புது."

கலைக்குச் செய்கிற தொண்டு என்றார் தங்கதுரை. பொன்னாடை உண்டு என்றார். திம்மப்பன் பொன்னாடைக்கு மயங்குகிறவர் அல்ல. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் வாயைத் திறந்து ஒரு முகமாவது மலர்ந்ததில்லை. ஒருமுறை மலரட்டுமே என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அதில்தான் விழுந்தார்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ கிளம்பியது. திருவாளர் கவலை அவர்கள் நேற்றிரவு இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், அன்னாரது இறுதி ஊர்வலம் நாளை மாலை அரிசி மில் கோடவுனிலிருந்து புறப்படும், உற்றார் உறவினர் டிக்கெட்டுடன் வரவும் என்று மூன்று பாஷையிலும் அந்தப் பாடைக் குரல் சொன்னபோது ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோடவுனில் நிற்க இடமில்லை. அடுத்த மாதம் திருமதி ஓவர்டைம் காலமானார். அதற்கடுத்து செல்வன் போனஸ், அகால மரணம். இந்த மாதம் யார் சாகப்போகிறார்கள் என்று பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வாசலில் வந்து நின்றார்கள். மாரம்மா வழக்கம்போல் கோடவுனுக்கும் போய் ஓரமாக உட்கார்ந்து கூட்டத்தை அளந்தார். திரும்பி வந்து, "இந்தக் கூட்டம் சேத்தியில்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாரம்மா, போயும் போயும் ஒரு முதல் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் கண்ணை மூடினார்.

வேறு யாரையாவது சொல்ல விடலாம் என்றாள் திம்மப்பனின் மனைவி முனிலட்சுமி. அவர் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. ஆட்டோவில் ஏறி, மாரம்மா காலமானார் என்று ஆரம்பித்தார். முதல் தெருவிலேயே சிரிப்பு வெடித்தது. குரல் உடைந்தது. இந்த மாதம் நடிப்பு பிரமாதம் என்றார்கள். மாரம்மாவுக்கு டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஒருத்தி கேட்டாள். கன்னடத்தில் சொன்னபோது டீக்கடை கோவிந்தப்பன் எழுந்து நின்று கைதட்டினார்.

"எங்கம்மாங்க. நெஜமா எங்கம்மாங்க" என்று திம்மப்பன் மைக்கிலேயே அழுதார். அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஒரு காலத்தில் ஆசைப்பட்டவர் அவர்தான். இப்போது அது பச்சைப் புண்ணாக எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது பந்தலில் முனிலட்சுமியும் அண்டை வீட்டார் சிலரும்தான் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கதுரை வந்து சேர்ந்தார், கோபமாக. இந்த மாதச் சாவைத் தான் இன்னும் எழுதியே கொடுக்காதபோது, திம்மப்பன் தன்னிஷ்டத்துக்கு யாரையோ சாகடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் திட்ட வந்தவர். பந்தலைப் பார்த்தார். பாயில் கிடந்தவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

திம்மப்பன் மைக்கை நீட்டினார். "எவனும் நம்பல சார். நீங்க சொல்லுங்க."

தங்கதுரை ஆட்டோவில் ஏறினார். கோடவுனில் ஜோக்கு படிக்கும் அதே குரலில், அதே இழுவையில், திம்மப்பனின் தாயார் மாரம்மா அவர்கள் இன்று காலை காலமானார் என்றார். சற்று காத்திருந்தார். பழக்கம் விடவில்லை.

"அதாவது, நிஜமாகவே இறந்துவிட்டார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொல்லி யாரும் எப்போதும் சிரித்ததில்லை என்பதால் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. அடுப்புகள் தணிந்தன. தங்கதுரைக்கு மற்ற இரண்டு பாஷையும் வராது. கைதட்டிய கோவிந்தப்பனே தலையில் அடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி, கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார்.

சாயங்காலம் தெரு கொள்ளவில்லை. கோடவுன் ஒருநாளும் பார்க்காத கூட்டம். காலையில் சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார்கள். திம்மப்பன் பந்தலின் ஓரத்தைப் பார்த்தார். இதை அளந்து சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. அவர் தங்கதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா சொன்னீங்க சார்."

மைக்கைப் பிடித்த நாளாகத் தங்கதுரை ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. அவர் எதையோ விளக்க வாயெடுத்து, விளக்காமலே விட்டுவிட்டார்.