சொட்டாத இறக்கை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மீமிசலுக்கு வடக்கே, கடற்கரைச் சாலையோரம், வளைகுடாவில் கட்டுமான வேலை எடுத்துச் செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் பழைய ராணுவ வண்டிகளுக்கு ஒரு காட்சியகம் கட்டினார். ஏலத்தில் எடுத்த ஒரு பயிற்சி விமானமும் அதில் வந்து சேர்ந்தது.
2. விமானப் பராமரிப்புப் படித்துவிட்டு இலுப்பூரில் வேலையில்லாமல் இருந்த நான் அங்கே சேர்ந்தேன்.
3. விமானத்தின் எஞ்சினை ஓட வைத்தோம்.
4. அது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட உரிமம் வேண்டும். உரிமத்துக்கான அனுபவம் பெற நான் வெளிமாநிலம் போனேன்.
5. நான் இல்லாதபோது புயல் மழை வந்தது. இறக்கையின் அடியில் தண்ணீர் சொட்டியது.
6. அதைப் பார்த்துப் பயந்த முதலாளி, கோட்டைப்பட்டினத்திலிருந்து படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர்களை அழைத்து வந்து எல்லா ஓட்டைகளையும் அடைத்தார்.
7. நான் உரிமத்தோடு திரும்பி வந்தேன்.

இந்த ஏழில் யாரும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. பல முறை சரிபார்த்துவிட்டேன்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் உட்காரும் சிறிய விமானம். உடலும் இறக்கையும் அலுமினியம். ஒரு காலத்தில் புது ராணுவ விமானிகள் இதில்தான் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியிருக்கிறார்கள். இதே வகை விமானங்கள் வேறு ஊர்களிலும் உண்டு. நான் பார்த்தவை எல்லாம் பூங்காவிலோ கல்லூரி வாசலிலோ ஒரு தூணில் குத்தி நிறுத்தப்பட்டவை. எங்களுடையது அப்படி ஆகக் கூடாது, பறக்க வேண்டும் என்பதுதான் முதலாளியின் ஆசை. ஒரே ஒரு சுற்று, கடலுக்கு மேலே, பின் சீட்டில் அவர். ஜீப்புகளையும் லாரிகளையும் அவர் சேர்த்து வைத்தது பொழுதுபோக்கு. விமானத்தை அவர் 'அவ' என்றுதான் சொல்வார்.

எனக்கும் அதே ஆசைதான். என்னோடு படித்தவர்களில் பலர் இன்று சிம் கார்டு விற்கிறார்கள், வங்கித் தேர்வு எழுதுகிறார்கள். எனக்கு ஒரு விமானம் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே இறக்கையின் உள்ளே டார்ச் அடித்து, கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்பார் என்று நாங்கள் சொல்லும் முதுகெலும்பு இறக்கையின் நீளம் முழுக்க ஓடும். விமானத்தின் மொத்த எடையையும் வானில் அதுதான் தாங்குகிறது. அது சுத்தமாக இருந்தது. எஞ்சின் வேலைக்கு ஓர் ஆண்டு ஆனது. அது முதன்முதலாக ஓடிய அன்று முதலாளி புகையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் காரணம் என்றார்.

இலுப்பூரில் அத்தை மட்டும் கிண்டலை விடவில்லை. நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்னடி, ஓம் பிளேன் எப்ப கெளம்புது? நான் டிக்கெட்டு எடுக்கவா, வேணாமா?" என்பாள்.

"ரெண்டு சீட்டுதான் அத்தை. ரெண்டும் புக்காயிருச்சு."

"அப்ப கம்பியப் புடிச்சுக்கிட்டு நிண்டுக்கிட்டே வாரேன்."

வெளிமாநிலத்துக்குப் புறப்படும் முன் கடைசியாக ஒரு வேலை செய்தேன். இறக்கையின் அடிப்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மூட்டுகளின் வழியே உள்ளே இறங்கும் மழைநீரும், காலைப் பனியில் ஊறும் ஈரமும் வெளியேற அவைதான் வழி. ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை விட்டு, குளவி கட்டிய மண்ணை எடுத்தேன். தண்ணீர் இதன் வழியாகத்தான் வெளியே வரும் என்று முதலாளியிடமும் காட்டினேன். அவர் அப்போது விமானம் நிற்கும் கொட்டகைக்குத் தகரம் கொண்டுவரும் லாரிக்காரரோடு போனில் இருந்தார். "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்றார்.

புயலில் அந்தத் தகரக் கூரை பறந்தது. திறந்த வெளியில் மழை விமானத்தின் மேலேயே பெய்தது. நான் சுத்தம் செய்துவிட்டுப் போன ஓட்டைகள் தம் வேலையைச் செய்தன. அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. முதலாளிக்கு அது ரத்தம் கொட்டுவது போல இருந்ததாம். உரிமப் பரீட்சை நேரத்தில் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்குப் போன் செய்யவில்லை. பிறகு படங்கள் மட்டும் வந்தன. புது வண்ணத்தில் விமானம் பளபளத்தது. எல்லாப் படங்களும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தவை. விமானத்தின் வயிற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

வெயில் காலத்தில் திரும்பி வந்தேன். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா ஆத்தா. லைசென்ஸ் வாங்கியாச்சா? இங்கிட்டு வந்து பாரு, அவ எப்புடி இருக்கான்னு!"

பார்த்தேன். கண் கூசியது. பழக்கத்தில் குனிந்து இறக்கையின் அடியைத் தடவினேன். முட்டை ஓடு போல வழவழப்பாக இருந்தது. ஓர் ஓட்டைகூட விரலில் தட்டவில்லை. இறக்கையின் நுனியைப் பிடித்து மெல்ல அசைத்தேன். உள்ளே களக் என்று தண்ணீர் புரண்டது.

டிரில்லர் கேட்டேன்.

"ஏன், புதுசா ஓட்டை போடப் போறியா? அடைச்சதே இப்பத்தானே ஆத்தா?"

முதல் ஓட்டை திறந்ததும் பாசிக் கிணற்று வாடையோடு தண்ணீர் வந்தது. வாளி வைத்துப் பிடித்தோம். வெள்ளையாக ஏதோ மாவு போல அதில் கரைந்து வந்தது. முகத்தில் தெறித்ததைத் துடைக்கும்போது உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது. மழைத்தண்ணீர் உப்புக் கரிக்காது.

மறுநாள் ஃபைபர் மேஸ்திரி வந்தார். கூடவே அவருடைய மச்சினர். வேலையில் அவ்வளவு சுத்தமானவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் ஒட்டிய இடத்தையும் ஒட்டாத இடத்தையும் கண்ணால் பிரிக்க முடியாது.

"பாய், உள்ள உப்புத் தண்ணி எப்புடி வந்துச்சு?"

"நாங்க ஊத்துனதுதான் தங்கச்சி," என்றார் சாதாரணமாக. "எங்க பக்கம் படகுக்கு ஒட்டு வேலை முடிச்சா உள்ள தண்ணி ஊத்தி வச்சுப் பாப்போம். வெளிய கசியலன்னாத்தான் கடல்ல எறக்குறது. இதுக்கும் மேல உள்ள மூடியக் கழத்தி ஊத்துனோம். ஒரு சொட்டு வரல. சத்தியமா, ஒரு சொட்டு வரல."

"ஊத்துனத எப்புடி வெளிய எடுத்தீங்க?"

அவர் மச்சினரைப் பார்த்தார். மச்சினர், "நான் அப்பவே கேட்டேன்ல மச்சான்," என்றார்.

"நீ எங்க கேட்ட? டீ எப்ப வரும்னு கேட்ட." மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "படகுன்னா கோரி எடுத்துருவோம். இதுல கை போகல. அடிக்கிற வெயிலுக்குக் காஞ்சிரும்னு விட்டுட்டோம்."

"எந்தத் தண்ணி பாய்?"

"இந்தா, இந்த போர்த் தண்ணிதான்."

எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. டீக்குக்கூடக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம்.

எல்லா மூடிகளையும் கழற்றினேன். இரண்டு இறக்கைகளிலும் ஸ்பாரின் அடிப்பகுதி உப்பில் அரித்து வெள்ளைப் பொடியாக இருந்தது. பொடியைத் துடைத்தால் அடியில் உலோகம் இதழ் இதழாக, ஈரத்தில் ஊறிய அட்டை போல விரிந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். வந்தது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டேன். முதலாளி பக்கத்தில் வந்து குந்தினார்.

"வெல்டிங் வைக்கலாமா?"

"இதுல வைக்க முடியாது சார்."

"புதுசு?"

"செஞ்சவங்க செய்யிறத நிறுத்தி ரொம்ப காலம் ஆச்சு. நாமளா செய்யிறதுக்கு வரைபடம் கெடையாது. செஞ்சாலும் அனுமதி கெடைக்காது."

"தாழ்வா, மெதுவா, ஒரே ஒரு ரவுண்டு?"

"ஓடுபாதையை விட்டுத் தூக்கும்போதே எறக்கை மடங்கிரும் சார். முன் சீட்டுல ஒருத்தர் இருப்பாரு. பின் சீட்டுல நீங்க இருப்பீங்க."

அவர் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "ஒன் கையெழுத்து இல்லாட்டி வேற ஆளு போடுவாங்களா?" என்று கேட்டார்.

"ஸ்பாரப் பாத்தவங்க யாரும் போட மாட்டாங்க."

"பாக்காம?"

நான் கழற்றிய மூடிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினேன். அவரே எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டார். "பத்திரமா இருக்கணும்னுதானே ஆத்தா செஞ்சேன்," என்றார். அதன் பிறகு கையெழுத்துப் பற்றி அவர் பேசியதில்லை.

மேஸ்திரிதான் விடவில்லை. அடுத்த வாரம் தனியாக வந்தார். "உள்ளுக்குள்ள நான் ஃபைபர் போட்டுத் தாரேன் தங்கச்சி. எனக்கு ஒண்ணும் தர வேணாம். கல்லு மாதிரி நிக்கும்."

"நிக்கிறதுக்கு இதுவே போதும் பாய்."

புரிந்துகொண்டார். ஆனாலும் போகவில்லை. அன்று முழுக்க என்னோடு உட்கார்ந்து, தான் அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தார். தன் கை வேலையைத் தானே தோண்டுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ஒரு கீறல் விழாமல் செய்தார்.

உரிமம் வாங்கிய பின் நான் முதன்முதலாக எழுதிக் கையெழுத்திட்டது, இந்த விமானம் பறக்கத் தகுதியற்றது என்பதைத்தான். அதை எழுதும் தகுதிக்காகத்தான் ஓராண்டு வெளியே போயிருந்தேன் என்று ஆகிவிட்டது. அத்தை இப்போது டிக்கெட் பற்றிக் கேட்பதில்லை. சோறு போட்டுவிட்டு டிவியைப் பார்க்கிறாள்.

கொட்டகைக்குக் கூரை மறுபடி போட்டாயிற்று. பக்கவாட்டில் சாரல் அடிக்கும் நாட்களில் இறக்கையிலிருந்து சொட்டுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் யாராவது வந்து, "மேடம், பிளேன் ஒழுகுது," என்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். நம்பாமல் போகிறார்கள்.

இப்போதைய நிலை: எஞ்சின் நன்றாக இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை, விமானத்தின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஓட்டுகிறோம். முதலாளி பின் சீட்டில் உட்காருவார். அணைத்ததும் இறங்கிப் போவார். இரண்டு பக்க ஸ்பாரும் போய்விட்டது. மாற்று இல்லை. கிடைக்கும் என்று நம்பக் காரணமும் இல்லை. வாசலில் தூண் ஒன்றுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள்.