அம்மா பானெட்டை அமுக்கிய சனிக்கிழமை

எங்கள் அப்பாவைத் தேயிலை விஷயத்தில் மட்டும் யாராலும் ஏமாற்ற முடியாது. கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் ருசி பார்ப்பது அவர் வேலை. காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு பிடித்துப் போவார். நீள மேஜையில் வரிசையாக வைத்திருக்கும் கிண்ணங்களில் ஒவ்வொரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சித் துப்பிவிட்டு, இது மழைக்கு முன் பறித்த இலை, இது கொஞ்சம் அதிகம் காய்ந்துவிட்டது என்று சொல்வார். சொன்னது தப்பியதில்லை என்று கம்பெனியில் அவருக்குப் பேர். அப்படிப்பட்ட மனிதர், கார் ஒர்க் ஷாப்பின் வாசலில் கால் வைத்த ஐந்தாவது நிமிடம் பச்சைக் குழந்தையாகிவிடுவார்.

கார் எங்களிடம் வந்தது எழுபதுகளின் கடைசியில். கம்பெனி முதலாளி புதுக் கார் வாங்கியபோது தன்னுடைய பழைய சாம்பல் நிற ஃபியட்டை அப்பாவிடம் தள்ளிவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களை ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவதைத் தவிர அந்தக் காருக்கு வேறு வேலை கிடையாது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது தோப்பும்படியில் இருந்த ஒர்க் ஷாப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஹார்ன் அடிக்கவில்லை என்று போனால் ரேடியேட்டரை மாற்றிக்கொண்டு வரும். வைப்பரைச் சரிசெய்யப் போனால் புது கார்புரேட்டரோடு வரும். வைப்பர் போன மாதிரியே திரும்பி வரும்.

அந்த ஒர்க் ஷாப்பின் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைக் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதட்டவோ மிரட்டவோ அவருக்குத் தெரியாது. மெதுவாக, கவலையோடு, நம் வீட்டு மனிதர் போலப் பேசுவார். சாதாரணப் பேச்செல்லாம் மலையாளத்தில் நடக்கும். எதையாவது மாற்ற வேண்டும் என்றால் மட்டும் எங்களுக்காகத் தமிழுக்கு வந்துவிடுவார்.

"சாமீ, குட்டிகள் போற வண்டியாக்கும். மாத்தாம விடறதுக்கு எனக்கு மனசு வரல்லை."

குட்டிகள் என்று காதில் விழுந்ததும் அப்பா தலையாட்டிவிடுவார். அந்தக் குட்டிகள் நானும் தம்பியும்தான்.

அந்த வருஷம் பாலக்காட்டில் பெரியப்பாவின் பெண்ணுக்குக் கல்யாணம். சொந்தக் காரில் போய் இறங்கப் போகிறோம் என்று ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. எங்களைவிட அப்பாவுக்குத்தான் ஆசை அதிகம். அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் அப்பா, பச்சை வர்ணம் பூசிய குருவி ஒன்றைக் கிளி என்று நம்பிச் சந்தையில் வாங்கி வந்திருக்கிறார். அதைக் குளிப்பாட்டியபோது வர்ணம் கரைந்து போய்விட்டது. அந்தக் கதையைப் பெரியப்பா எந்தக் கல்யாணத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. கதை முடிந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வண்டி வளைவில் திரும்பினால் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பா தோப்பும்படிக்கு ஓட்டிக்கொண்டு போனார். போனவர் கார் இல்லாமல் பஸ்ஸில் திரும்பி வந்தார். கையில் மலையாளத்தில் எழுதிய ஒரு பட்டியல். ஷாக் அப்சார்பர், கிங்பின், கிளட்ச் பிளேட் என்று ஏழெட்டுச் சாமான்கள். எல்லாம் மாற்ற இரண்டு வாரம் ஆகுமாம். மாற்றாமல் போனால், வழியில் குதிரான் மலை ஏற்றத்தில் வண்டி நின்று பின்னால் உருள ஆரம்பித்தால், அதற்கு மேல் ஆசானுக்குச் சொல்ல மனசு வரவில்லையாம்.

"ரயில்ல போயிடலாம்," என்றார் அப்பா.

தம்பி அழ ஆரம்பித்தான். அவனுக்குத் துணையாக நானும் அழுதேன். அம்மா மோர் கடைந்துகொண்டிருந்தவள், மத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"இதெல்லாம் கெட்டுப் போயிருக்குன்னு நீங்க கண்ணால பாத்தேளா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஆசான் சொன்னான்."

"உங்க ஆபீஸ்ல ஒருத்தன் வந்து இது நல்ல தேயிலைன்னு சொன்னா, வாயில விட்டுப் பாக்காம எழுதிப்பேளா?"

அம்மா மோரில் உப்புப் போட்டாள். பட்டியலை வாங்கி, காபிப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா ஆபீஸ் போனதும் அம்மா தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனாள் என்றால், அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மலையாளம் பேசக் காய்கறி மார்க்கெட்டில் கற்றுக்கொண்டாளே தவிர, படிக்கத் தெரியாது. நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பட்டியலைப் படித்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. பைக்குள் அப்பாவின் பழைய வேஷ்டி ஒன்றையும் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஒர்க் ஷாப்புக்குள் ஒரு மாமி நுழைந்ததை அங்கே அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருந்த இரண்டு பேர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்கள். ஆசான் பதறிப்போய், கிரீஸ் படாத ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒரு பையனைக் கூப்பிட்டுச் சாயா வாங்கிவரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. வேஷ்டியைப் பிரித்து எங்கள் காருக்குப் பக்கத்தில் தரையில் விரித்தாள்.

"ஆசான், நீங்க எது வேணும்னாலும் மாத்துங்கோ. மாத்தறதுக்கு முன்னால எனக்குக் காட்டுங்கோ. கழட்டின பழசை இதுல வைங்கோ. நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்."

"பழசு எதுக்கு மாமி? அழுக்காக்கும்."

"தேச்சுக் குளிப்பாட்டிக்கறேன்."

வண்டிக்கு அடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

நான் சத்தமாக முதல் வரியைப் படித்தேன். ஷாக் அப்சார்பர். ஆசான் காரின் முன்பக்கத்துக்கு வந்து, பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். கார் குனிந்து நிமிர்ந்து ஒருமுறை ஆடி நின்றது. பாருங்கள், எப்படி ஆடுகிறது என்றார். அம்மாவும் பானெட்டை அமுக்கிப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல், பக்கத்தில் பளபளவென்று நின்றுகொண்டிருந்த இன்னொரு ஃபியட்டிடம் போய் அதையும் அமுக்கினாள். அதுவும் குனிந்து நிமிர்ந்து ஒருமுறை ஆடி நின்றது.

"இது யாரோடது?"

"டாக்டருடையது மாமி. புதுசு. ஓயில் மாத்த வந்திருக்கு."

"இதும் ஆடறதே. அவருக்கும் மாத்தணுமா?"

ஆசான் தலையைச் சொறிந்துகொண்டார். அவருடைய பென்சிலையே வாங்கி முதல் வரியை அடித்தேன். எனக்கு ஏக சந்தோஷம்.

கிங்பின்னுக்கு ஆசான் ஜாக்கி வைத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டி, லேசாக ஆடுகிறது பாருங்கள் என்றார். அம்மா வலது சக்கரத்தையும் தூக்கச் சொன்னாள். பட்டியலில் இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. வலதும் அதே அளவுதான் ஆடியது. நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி ஆடினால் எது கெட்டது என்று அம்மா கேட்டாள். இந்தக் கேள்வியை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரரிடம் அவள் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். அவரும் ஆசானைப் போலத்தான் வானத்தைப் பார்த்தார்.

அடுத்தது கிளட்ச் பிளேட். அது உள்ளே இருக்கிறது, இஞ்சினை இறக்காமல் காட்ட முடியாது என்றார் ஆசான். அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அம்மா யோசித்தாள்.

"காட்ட முடியாதுன்னா, கெட்டுப் போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஏத்தத்தில வலிக்காது மாமி, வண்டி இழுக்காது."

"அப்போ ஏத்தத்துக்குப் போகலாம்."

தோப்பும்படியில் ஏற்றம் என்றால் ஹார்பர் பாலம்தான். ஆசான் ஓட்ட, அம்மா முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்துகொண்டோம். பாலத்தில் ஏறும்போது இஞ்சின் காட்டுக்கத்தல் கத்தியது. ஆனால் கார் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஆசான் துக்கத்தோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசான், அவர் ஓட்டறச்சே கியர் போட்டதும் இடது காலை எடுத்துடுவார். நீங்க வச்சுண்டே இருக்கேளே."

பின் சீட்டிலிருந்து எனக்கு ஆசானின் காதுகள் மட்டும்தான் தெரிந்தன. அவை நிறம் மாறியதை நன்றாகப் பார்த்தேன். அவர் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்தார். கார் ஒரு துள்ளு துள்ளி, சைக்கிளைத் தாண்டி, பாலத்தின் உச்சிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் துறைமுகத்தில் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. அம்மா அவற்றை ரசித்துப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது, வளைவில் அந்தக் கடகட சத்தம் கேட்டது. ஆசானுக்கு என்ன தோன்றியதோ, வண்டியை நிறுத்தியதும் நேராகப் போய் டிக்கியைத் திறந்தார். மாட்டி வைக்க வேண்டிய ஜாக்கிக் கம்பி தனியாக உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்து அம்மாவிடம் காட்டினார். முதலில் அவர்தான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எல்லாவற்றையும் அம்மா அடித்துவிட்டாள் என்று நினைக்கக்கூடாது. பட்டியலில் கடைசியாக பிரேக் ஹோஸ் என்று இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் போகும் சின்ன ரப்பர் குழாய். ஆசான் அதைச் சுரத்தில்லாமல்தான் காட்டினார். அம்மா இரண்டு விரலால் அதை வளைத்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த குளத்து மண் மாதிரி அதில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. விரலில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியது. அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது நிஜம். எல்லாச் சக்கரத்துக்கும் இப்பவே மாத்துங்கோ. ஒஸ்தி சாமானாப் போடுங்கோ."

ஆசான் மற்றவர்களிடம் விடாமல் தானே கீழே படுத்து மாற்றினார். பழைய குழாய்களை வேஷ்டியில் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மாமி, இனிமே சாமியையே அனுப்பினா மதி, அது போதும்."

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அப்பா முதலில் உர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளட்ச் பெடல் இடத்துக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இருவரும் வாசலுக்குப் போய்ப் பானெட்டை மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள். பழைய குழாயை அப்பா வளைத்து, முகர்ந்தும் பார்த்தார்.

பாலக்காட்டுக்குக் காரிலேயே போனோம். குதிரான் ஏற்றத்தில் தம்பி காருக்கு உற்சாகமூட்டக் கத்திக்கொண்டே வந்தான். பந்தல் வாசலில் போய் இறங்கியபோது பெரியப்பா காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உள்ளே இஞ்சின் இருக்கிறதா என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். காபி வந்தது. பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கிளி விற்ற சந்தையிலிருந்து கதையைத் தொடங்கினார்.

அப்போதுதான் அம்மா குறுக்கே பேசினாள். பெரியப்பா பேசும்போது அவள் குறுக்கே பேசி நான் பார்த்ததே இல்லை. "அது பழைய கதை. போன வாரம் இவர் ஒர்க் ஷாப்காரனை என்ன பண்ணினார் தெரியுமோ?" என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னாள். வேஷ்டியை விரித்தது அப்பா. டாக்டர் காரை அமுக்கியது அப்பா. பாலத்தின் மேல் இடது காலைக் கண்டுபிடித்ததும் அப்பாதான். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கூடவே போனவள் நான். பட்டியலைப் படித்தவள் நான். "இல்லை பெரியப்பா, அது அம்மா" என்று தொடங்கியதுதான் தெரியும், தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பந்தலில் இருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து பெரியப்பாவின் அம்பாசடரிடம் போனார்கள். அப்பாவை முன்னால் நிறுத்தினார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டை அமுக்கினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்பக்கமும் போய் அமுக்கினார். ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

"இருக்காதா? போன மாசந்தான் நாலையும் மாத்தினேன்," என்றார் பெரியப்பா.

"பழசை வாங்கிண்டேளா?"

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நான் தொடையைத் தடவிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு திருகாணியைக்கூட விட்டுக்கொடுக்காதவள், அத்தனையையும் இப்படிச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். அப்போது சிரிக்கிறவர்களின் தலைகளுக்கு மேலாக அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார். சிரிக்காமல், வெகுநேரம் பார்த்தார். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தம்பியின் சட்டையில் ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள். அவள் முகம் காதுவரை சிவந்திருந்தது.

இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணம் முடிகிற வரை, இவர்கள் எப்போது சமாதானம் ஆவார்கள் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.