அமெரிக்காவின் சார்பில்

வாஷிங்டன் நீதிமன்றத்தில் ஆஜராகும் வழக்கறிஞர்களைப் பதிவு செய்வது என் வேலை. அரசு வழக்கறிஞர் வெர்னா கிட்ரிட்ஜ் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தோடுதான் எழுந்து நின்றார்: "அமெரிக்காவின் சார்பில் ஆஜராகிறேன்."

சென்ற மார்ச்சில், நாடு கடத்தக் கூடாது என்று நீதிபதி தடை விதித்திருந்த தச்சர் ஒருவரை ஜனாதிபதியின் உத்தரவுப்படி விமானம் ஏற்றிவிட்டார்கள். அது சட்டப்படி சரியா என்று நீதிபதி கேட்டார். சரி என்று சொல்லும்படி வெர்னாவுக்கு மேலிடத்துக் கட்டளை. அவரோ, "இல்லை, யுவர் ஆனர்" என்றார்.

வெளியே வந்ததும் மேலதிகாரி டால்டன் பாய்ந்தார். "என்ன வெர்னா, நீ யார் பக்கம்?"

"காலையில எந்திரிச்சு நின்னு சொன்னேனே சார், காதுல விழலையா? அதுல ஜனாதிபதி பேரு வந்துச்சா?"

"பிடிக்கலைன்னா ராஜினாமா பண்ணிட்டுப் போ!"

"நான் ஏன் போகணும்? தப்புப் பண்ணது நானா?"

மாலைக்குள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தச்சர் இன்னும் திரும்பவில்லை. மறுநாள் வெர்னாவின் இடத்துக்கு வந்தவர் ஜனாதிபதியின் உத்தரவு நியாயமே என்று கூசாமல் வாதாடினார். அவரும் "அமெரிக்காவின் சார்பில்" என்றுதான் தொடங்கினார். சொன்னபடியே பதிவு செய்தேன். அது பொய் என்று குறிக்கப் பதிவேட்டில் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.