வெந்நிக்கு வச்ச விறகு

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டு அம்மி இருந்த இடத்துலயேதான் கிடந்தது. பொறவாசல்ல நின்ன புளியமரந்தான் வேரோட சாய்ஞ்சது. அடுப்படியிலிருந்து விழுந்தடிச்சு ஓடினேன். மரம் பொறவாசலை அடைச்சுப் படுத்துக் கிடந்தது. உள்ளே கட்டில்ல இருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி, வெந்நி அடுப்புக்கு ஒண்ணும் ஆகலையே என்பது. மகள் உசுரோட இருக்காளான்னு கேக்கலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அப்பா போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவிய. நுரையீரல் பாதிக்கு மேல கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்ன பிறகு கட்டிலோட சரி. அம்மா முன்னமே போயிட்டாங்க. தம்பி பட்டாளத்துல, வடக்கே எங்கேயோ பனியில நிக்கான். வீட்டுக்காரருக்கு மில்லுல ஷிப்டு. அதனால அவரை ராஜபாளையத்துல விட்டுட்டு, நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து அப்பாகூட இருந்தேன்.

அப்பாவுக்குத் தினமும் வெந்நீர்க் குளியல் வேணும். பாத்ரூம்ல ஹீட்டர் இருக்கு. கரண்டுல சுட்ட தண்ணி மேலுக்கு ஆகாதுன்னு ஒரே பிடிவாதம். விறகுல சுட்ட தண்ணிதான். பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, முதல் செம்பை எடுத்ததும் கேப்பாவ, கை வச்சுப் பாத்தியாட்டின்னு. பாத்துட்டேன்பா என்பேன். என்னைக்காவது ஒருநாள் பாக்காம ஊத்தியிருப்பேனா? இருந்தாலும் கேக்கணும். போலீஸ்காரர் இல்லையா.

மரத்தை வித்துப்போடுன்னு தம்பி போன்ல சொன்னான். சொல்லுறது லேசு. மரம் அறுக்கிற மெஷின்காரர் வந்து துண்டு போட்டுட்டு, செயின் மழுங்கிப்போச்சுன்னு முணங்கிக்கிட்டே போனார். பிளக்க ஆள் அனுப்புதேன்னார். அந்த ஆள் வாரேன் வாரேன்னு போன்ல வந்ததோட சரி. புளியைப் பச்சையில பிளந்தாத்தான் உண்டு. காய்ஞ்சா இரும்பு. ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, சேலையை இழுத்துச் செருகி நானே கோடாலியை எடுத்தேன்.

முதல்ல நட்டநடுவுல போட்டேன். கோடாலி துள்ளித் திரும்பி வந்தது, கை மரத்துப்போச்சு. அப்புறம் ஓரத்துலயிருந்து போட்டேன், தேங்காய்ப் பத்தை மாதிரி பேந்து வந்தது. நடுவுல உள்ள கறுத்த வைரத்துக்கு இரும்பு ஆப்பை இறக்கிச் சம்மட்டியால அடிக்கணும். அடிச்சேன். வராத ஆளை நினைச்சு அடிச்சேன், டாக்டரை நினைச்சு அடிச்சேன், லீவு கிடைக்கலைன்னு சொல்லுற தம்பியை நினைச்சு அடிச்சேன். அந்த நாள்ல என்னால ஒரு இடத்துல உக்கார ஏலாது. உக்காந்தா உள்ளே இருமல் கேக்கும். ஓடிப்போய்த் தலையணையைத் தூக்கி வைப்பேன். இருமல் நின்னா அதைவிடப் பயம். மூச்சு வருதான்னு மறுபடி ஓடுவேன். கோடாலி கையில இருக்கிற செத்த நேரந்தான் மனசு ஒரு நிலையில நிக்கும்.

சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது அப்பா தவறாமக் கேப்பாவ, "இன்னைக்கு எம்புட்டு சேந்திருக்கு?" நானும் பெருமையா சொல்லுவேன், முழங்கால் உசரம், இடுப்பு உசரம்னு. பட்டை மேல வர்ற மாதிரி, காத்து போக இடம் விட்டு அடுக்கினதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விவரிப்பேன். கேட்டுட்டு ம் என்பாவ. அப்பாவுக்கு ஒரு பிடிப்பு வந்திருக்குன்னு நான் சந்தோஷப்பட்டேன். கூறுகெட்டவ.

புரட்டாசி சனிக்கிழமை, எங்க ஊருப் பக்கத்துலயே இருக்கிற திருவண்ணாமலை மலைக்கோயில்ல பெருமாளைக் கும்பிட்டுட்டுத் திரும்புற வழியில அத்தை வந்தாவ. அப்பாவோட தங்கச்சி, செட்டியார்பட்டியில இருக்கிறவிய. மனசுல கள்ளம் கிடையாது, ஆனா வாய்க்குப் பூட்டும் கிடையாது. பொறவாசலுக்கு வந்து அடுக்கைத் தடவிப் பாத்துட்டு, அப்பா கட்டிலுக்கு நேரா இருக்கிற ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே சொன்னாவ.

"நல்ல காரியம் பண்ணுத. நாளப்பின்ன ஆகுற நேரத்துல வெறகுக்கு அலைய வேண்டாம்லா."

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அத்தையைக் கையைப் பிடிச்சுத் தெருவுக்குத் தள்ளாத குறையா அனுப்பினேன். திரும்பி வந்து பாத்தா அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாவ.

அன்னைக்குக் கஞ்சி இறங்கலை. எம்புட்டு சேந்திருக்குன்னும் கேக்கலை. மறுநாள் குளிக்க வேண்டாம்னுட்டாவ. நான் பொறவாசலுக்குப் போய் ஒரு போடு போட்டுட்டு, ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். சும்மா ஒரு சந்தேகத்துல இன்னொரு போடு போட்டுட்டுப் பாத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் மூடின கண்ணு வெட்டி வெட்டித் துடிச்சது. அப்பத்தான் எனக்கு உறைச்சது. அத்தை சொல்லி வந்த நினைப்பு இல்ல அது. ஆவணியிலிருந்து தினமும் எம்புட்டு, எம்புட்டுன்னு கேட்டது இதுக்குத்தான். நானும் இடுப்பு உசரம், நெஞ்சு உசரம்னு பதில் சொல்லியிருக்கேன்.

கோடாலியைப் போட்டுட்டு உள்ளே போனேன். அப்பா திரும்பாமலே கேட்டாவ.

"அந்த வெறகு எனக்குத்தானட்டி?"

எனக்குத் துக்கம் வந்தா கோபமாத்தான் வரும். அது பிறவிக் குணம். "ஆமா, ஒங்களுக்குத்தான். இந்த வீட்டுல தெனமும் வெந்நி கேக்கிறது வேற யாரு?"ன்னு கத்தினேன். கத்தி முடிக்குமுன்ன அழுதுட்டேன்.

அப்பா மெல்லத் திரும்பினாவ. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாவ. வேலையில இருந்தப்ப, கேக்க நாதியில்லாத பிணத்துக்கெல்லாம் சுடுகாட்டுல காவல் நின்னிருக்காவளாம். ஒரு ஆளுக்கு எம்புட்டு விறகு வேணும், ஈர விறகுன்னா என்ன பாடு படும், எல்லாம் தெரியுமாம். கோடாலிச் சத்தம் கேக்கக் கேக்கக் கணக்கு தன்னால ஓடுதுன்னாவ. இத்தனை நாளும் அந்தக் கணக்கை ஒத்தையில போட்டுக்கிட்டுப் படுத்திருந்திருக்காவ. பொறவு என் கையைப் பிடிச்சு, காய்ப்புக் காய்ச்சிருந்த இடத்தைத் தடவினாவ.

"என்னைய வைக்க வேற வாங்கிக்கோ. நீ பிளந்ததுல வைக்காதட்டி."

ஒத்தச் சிராய்கூட அங்க போகாதுப்பான்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். மறுநாள் காலையில குளிக்கக் கூட்டிட்டுப் போன்னாவ. முதல் செம்பை எடுத்ததும், கை வச்சுப் பாத்தியாட்டின்னு பழைய அதிகாரம். எனக்குப் போன உசுரு திரும்பி வந்தது.

ஐப்பசி மழை போச்சு, மார்கழிப் பனி போச்சு. புளி விறகு லேசுல பத்தாது. பத்திட்டா கங்கு மத்தியானம் வரைக்கும் கண் முழிச்சுக் கிடக்கும். அடுக்கு இறங்க இறங்க எனக்கு இருப்புக்கொள்ளலை. விறகு இருக்கிற வரைக்கும் அப்பா இருப்பாவன்னு ஒரு கிறுக்கு எண்ணம் எப்படியோ புகுந்துட்டது. தென்னமட்டையையும் சிரட்டையையும் சேத்து எரிச்சு, புளியை மிச்சம் பிடிச்சேன். பக்கத்து வீட்டுல கஞ்சப் பிசினாறின்னு கேலி பண்ணினாங்க. பண்ணிட்டுப் போகட்டும்.

மாசி மாசத்துல ஒரு விடியக்காலம் அப்பா போயிட்டாவ. விறகு இடுப்பு உசரத்துக்கு மிச்சம் இருந்தது.

தம்பி விமானத்துல வந்து இறங்கினான். சொந்தக்காரங்க பொறவாசலுக்குப் போய், நல்லாக் காய்ஞ்சிருக்கேன்னு விறகை வண்டியில ஏத்தக் கையை வச்சாங்க. நான் குறுக்கே போய் நின்னேன். வீட்டுல இத்தனை கிடக்க வெளியில வாங்கினா ஊரு சிரிக்கும்னு அத்தை அழுதுக்கிட்டே சொன்னாவ. சிரிச்சா சிரிக்கட்டும், அப்பாகிட்ட சொல்லிட்டேன் என்றேன். தம்பி என் கையைப் பாத்தான். உடனே விறகுக்கடைக்குப் போன் போட்டான்.

குளிப்பாட்ட நேரமானதும் நான் போய் வெந்நி அடுப்பைப் பத்த வச்சேன். கூட்டம் திகைச்சுப்போச்சு. எழவு வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, பிணத்துக்கு யாராவது வெந்நி போடுவாங்களான்னு ஆளுக்கு ஆள் அதட்டினாங்க. நான் யாரையும் பாக்கலை.

"அவிய பச்சத்தண்ணியில குளிக்க மாட்டாவ."

அத்தைதான் கூட்டத்தை விலக்கிட்டு வந்தாவ. அடுக்குல இருந்து ஒரு கட்டையை எடுத்து, அவியளே அடுப்புல வச்சாவ.

தண்ணி காய்ஞ்சது. விளாவி வாளியில கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி முதல் செம்பை மொண்டுட்டு, ஊத்தாம என்னைப் பாத்து நின்னான். நான் குனிஞ்சு அப்பா காதுக்கிட்டச் சொன்னேன்.

"கை வச்சுப் பாத்துட்டேன்பா."